ஊமைத்துரையின் காது

கட்டபொம்மனைத் தெரியாத தமிழன் கிடையாது. சிவாஜி புண்ணியத்தில் வசனம்கூடத் தெரியும். ஆனால் தம்பி ஊமைத்துரை என்றால் "ஆமா, பேச்சு வராதவர்ல?" என்பதோடு நம்மாட்கள் நிறுத்திவிடுகிறார்கள். எங்க கோவில்பட்டிப் பக்கமே அப்படித்தான். பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துச் சங்கதி, கயத்தாறு அதைவிடப் பக்கம். அப்படியிருந்தும் அந்த மனுசனுக்குக் காது கேட்காது என்கிற விஷயத்தை ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை.

பேரிலேயே கோளாறு இருக்கிறது. ஊமை என்று சொன்னவுடன் நமக்கு வாய்தான் ஞாபகம் வருகிறது. பிறவியிலேயோ சின்ன வயசிலேயோ காது போன குழந்தைக்குப் பேச்சு வராததற்குக் காரணம் நாக்கு இல்லை, காது. கேட்காததைத் திருப்பிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். குரல்வளை, நாக்கு, உதடு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நம்ம ஊரிலோ பேச்சு வராத பிள்ளைக்கு நாக்கில் வசம்பை உரைத்துத் தேய்ப்பார்கள், நாக்குக்கு அடியில் நரம்பை வெட்டிவிடச் சொல்லி டாக்டரிடம் சண்டை போடுவார்கள். காதுப் பக்கம் யார் கவனமும் போகாது. இருநூறு வருசத்துக்கு முந்தி வாழ்ந்த ஒருத்தருக்கும் அதேதான் நடந்திருக்கிறது. வாயைப் பார்த்துப் பேர் வைத்தார்கள், காதை விட்டுவிட்டார்கள்.

சரி, காது கேட்காது என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன்? சாட்சி சொன்னது எதிராளி. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் நேரடியாக இருந்தவர். நாற்பது வருசப் பட்டாள வாழ்க்கையின் நினைவுகளை 1830-ல் இரண்டு பாகமாக வெளியிட்டார். பிறகு நம்ம கால்டுவெல் 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதியபோது, இந்தப் போர்ப் பகுதிக்கு வெல்ஷைத்தான் பெரிதும் நம்பினார்.

வெல்ஷ் தெளிவாக எழுதுகிறார்: அவருக்குக் காதும் கேட்காது, பேச்சும் கிடையாது. வெள்ளைக்காரர்கள் "டம்பி" என்றார்கள், முஸ்லிம்கள் "மூகா" என்றார்கள், இந்துக்கள் "ஊமை" என்றார்கள் என்று மூன்று பேரையும் பட்டியல் போடுகிறார். ஆள் உயரம், ஒல்லி, பார்த்தால் நோயாளி மாதிரி இருக்கும் இளைஞன் என்கிறார். சினிமாவிலும் காலண்டரிலும் பார்த்த முறுக்கு மீசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கவனியுங்கள்.

(ஊமைத்துரை முழு ஊமை இல்லை, திக்குவாய்தான் என்று சொல்பவர்களும் நம்மில் உண்டு. நான் நேரில் பார்த்த வெல்ஷின் பக்கம். ஒரு ஆளைக் கொல்ல மாதக்கணக்கில் துரத்தினவனுக்கு, அந்த ஆளைப் பற்றிய அடையாளம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருந்தது.)

காலவரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். கோட்டையை இடித்தார்கள். ஊமைத்துரையையும் மற்ற சொந்தக்காரர்களையும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறி, விடிவதற்குள் ஏறக்குறைய முப்பது மைல் தாண்டி பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தகவல் தெரிந்து மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தால், இடித்துப்போட்ட கோட்டை மறுபடி எழும்பி நிற்கிறது! நடுவில் இருந்தது ஒரு வாரம்தான். (இவர் காலின் மெக்காலே. நாம் அடிக்கடி திட்டும் கல்வி மெக்காலேக்கு இவர் பெரியப்பா சித்தப்பா முறை. அந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் என்ன பொருத்தமோ!)

கல் கோட்டை இல்லை, மண் கோட்டை. கரிசல் மண்ணை மிதித்திருப்பவர்களுக்கு இது புரியும். நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், காய்ந்தால் கடப்பாரையைத் திருப்பி அனுப்பும். மார்ச் 31-ல் கம்பெனிப் படை அந்தச் சுவரில் மோதி, பெரிய இழப்போடு பின்வாங்கியது. அதன்பின் கர்னல் அக்னியூ, கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்து சேர்ந்து, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அதாவது காது கேட்காத ஒரு மனிதர், சிறையிலிருந்து வந்த கையோடு, மூன்றரை மாதத்துக்கு மேல் கம்பெனியைக் கரிசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

எப்படி? எனக்கு இந்தக் கேள்விதான் பல வருசமாக உறுத்தல். ஆணையிடுவது என்பதே வாயும் காதும் சம்பந்தப்பட்டது என்று நாம் நினைக்கிறோம். நம் மொழியில் "கேள்" என்றாலே கீழ்ப்படி என்று ஒரு அர்த்தம் இருக்கிறது. "சொன்ன பேச்சைக் கேட்கிறானா பாரு" என்கிறோம் இல்லையா.

அதற்கும் வெல்ஷ் பதில் வைத்திருக்கிறார். அவர் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஊமைத்துரை சில வைக்கோல் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. நேரம் என்ன, மற்ற விவரம் என்ன என்பதற்குத் தனித்தனிச் சைகைகள். பிறகு வலது கையை இடது கையின் குறுக்கே ஒரே வீச்சாக வீசித் துரும்புகளைத் துடைத்தெறிவார். கூடவே வாயால் காற்றைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு. உத்தரவு போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வதும் கிடையாது, பெரும்பாலும் முதல் ஆளாக ஓடுவதும் அவர்தான். அவர் தலைமை தாங்காத ஆலோசனைக் கூட்டமே இல்லை என்றும் வெல்ஷ் சொல்கிறார்.

அந்தச் சத்தத்தைப் பாருங்கள். "ஊமை" சத்தம் எழுப்புகிறார். குரலும் மூச்சும் உதடும் வேலை செய்கின்றன. நான் மேலே சொன்னதற்கு எதிராளி எழுதிவைத்த அத்தாட்சி இது.

இன்னொன்று, துரும்பைக் காட்டினால் மட்டும் ஆயிரக்கணக்கான பேர் நடத்தும் யுத்தத்துக்குப் போதாது. நாளை, நாளன்றைக்கு, எந்தப் பக்கம், எத்தனை பேர், யார் முன்னால், யார் பின்னால் இதெல்லாம் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு மொழி வேண்டும். காது கேட்காத ஒரு பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து தானாகவே சைகைகளை உண்டாக்கிக்கொள்ளும். வீடு பெரிதாக இருந்து, சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அதைப் பழகிக்கொண்டால் அந்தச் சைகை வளமாகும். கர்நாடகத்தில் அலிபூர் என்று ஒரு கிராமம், காஷ்மீர்ப் பக்கம் தட்காய் என்று ஒரு மலைக்கிராமம். இரண்டிலும் காது கேட்காதவர்கள் அதிகம், கேட்கிறவர்களும் சைகை பேசுவார்கள். துருக்கி சுல்தான் அரண்மனையில் காது கேட்காத சேவகர்களை வைத்துக்கொண்டு, அவர்கள் சைகையை அரண்மனையே கற்றுக்கொண்ட சரித்திரமும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சியில் நடந்ததும் இந்த மாதிரிதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு துரைமகன் பிறந்தான், ஊர் அவன் கையைப் படிக்கக் கற்றுக்கொண்டது. பீரங்கி வெடிக்கிற இடத்தில் வாயால் கத்துகிற தளபதியைவிடக் கையால் பேசுகிற தளபதிக்குக் கொஞ்சம் சௌகரியம்கூட இருந்திருக்கும்.

வெல்ஷ் இதற்கு வேறு காரணம் சொல்கிறார். மூடநம்பிக்கை பிடித்த ஜனங்கள், குறையையே தெய்வ அம்சமாக நினைத்துக் கும்பிட்டார்களாம், அவருடைய சின்னச் சைகையும் தெய்வவாக்காம். மரியாதையோடு மறுக்கிறேன். சைகை புரிந்ததால் செய்தார்கள் என்பதுதான் எளிமையான விளக்கம். வெள்ளைக்காரருக்குப் புரியாத மொழி என்றதும் மந்திரம் என்று எழுதிவிட்டார்.

அதுவும் எந்தக் காலத்தில்? மனு சாஸ்திரத்தில் பிறவிக் குருடர், செவிடர், ஊமை இவர்களுக்கெல்லாம் சொத்தில் பங்கு கிடையாது, சோறும் துணியும் போட்டால் போதும். வெள்ளைக்காரன் கோர்ட்டும் அதையே இந்துச் சட்டமாக எடுத்துக்கொண்டது. 1928-ல் தனியாக ஒரு சட்டம் போட்டுத்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். சாஸ்திரப்படி காணி நிலத்தில் பங்கு கேட்க முடியாத ஒரு ஆளின் பின்னால், 1801-ல் ஒரு பாளையமே நின்றிருக்கிறது. நம்ம பாடப்புத்தகத்தில் இதை ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

கோட்டை விழுந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இதுவும் வெல்ஷ் சொன்னதுதான். காயம்பட்டு, செத்தவர்களுக்கு நடுவில் கிடக்கிறார் ஊமைத்துரை. பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி தன் மகனைத் தேடிக்கொண்டு வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். தூக்கப்போன தாயிடம், என்னை விட்டுவிடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். அந்தத் தாய் அப்படியே செய்கிறாள். வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கும்போது எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்துவிட, மேலே துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் எடுத்தார்கள் ஓட்டம். (எட்டயபுரத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம், அம்மைக்கு அன்றைக்கு எல்லா ஊர்க்காரனும் ஓடினான்.) இதை எழுதும்போதும் எனக்கு அந்த மகன்தான் கண்ணில் நிற்கிறான். அவன் பேரை யாரும் எழுதிவைக்கவில்லை.

தேறி எழுந்தவர் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அங்கே காளையார்கோவிலும் அக்டோபரில் விழுந்தது. மருதுக்களை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல் மலைப்பக்கம் தப்பிப்போன ஊமைத்துரை பிடிபட்டு, நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கில் போடப்பட்டார். கோட்டையை இடித்து உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். இப்போது அங்கே இருப்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

இனி பாளையங்கோட்டை. ஊமைத்துரை சிறை இருந்த அதே பாளையங்கோட்டைக்கு, அவர் செத்துத் தொண்ணூற்றுச் சொச்சம் வருசம் கழித்து, 1890-களில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரி அம்மா காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதற்குச் சில வருசம் முந்தித்தான் அப்படிப் பள்ளிகள் வந்திருந்தன. இந்தியாவின் ஆகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளில் ஒன்று நம்ம ஜில்லாவில்! அவர் பேரிலேயே இப்போதும் மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. மதுரை சென்னை தெரிந்த நம்மாட்கள் பலருக்கு இது தெரியாது.

அந்தச் சமயத்தில் உலகத்தில் காற்று வேறு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. 1880-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி மாநாடு ஒன்று கூடி, சைகையை ஒதுக்கு, வாயால் பேசத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் அநேகமாக எல்லோரும் காது கேட்கிறவர்கள். உலகம் முழுக்கப் பல பள்ளிகளில் பிள்ளைகள் கையை அசைத்தால் அடி விழுந்தது. 2010-ல்தான் வான்கூவர் மாநாட்டில் அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவைத்து வருத்தம் தெரிவித்தார்கள். நம் நாட்டில் சைகை மொழிக்கென்று மத்திய அரசு டெல்லியில் ஆராய்ச்சி மையம் தொடங்கியது 2015-ல். ஊமைத்துரை துரும்பை அடுக்கியது 1801. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை. கரிசலில் மானாவாரிப் பருத்தி விளைந்தது, அதனால் கோவில்பட்டிக்கு மில் வந்தது. மில் வந்ததால் சங்கு வந்தது, ஷிப்ட் வந்தது, வீட்டுக்கு ஒருத்தருக்குச் சம்பளம் வந்தது. எங்கப்பாவும் ஒரு மில்லில் முப்பது வருசம் வேலை பார்த்தார். பேர் வேண்டாம். உள்ளே நுழைந்தால் பக்கத்தில் இருப்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அவர்களுக்குள்ளேயே ஒரு சைகை உண்டு. நூல் அறுந்துவிட்டது, மேஸ்திரி வாரான், டீக்கு நேரமாச்சு, இன்றைக்கு ஓ.டி. உண்டா, எல்லாம் கைதான். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவு மில்களிலும் இப்படி வாயசைப்பும் கையசைப்பும் சேர்ந்த பேச்சு இருந்து, அதற்குத் தனிப் பேரே இருந்ததாம். வேலையில் காது கெடும் என்பதும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1700-களின் தொடக்கத்திலேயே ராமஸினி என்ற இத்தாலிய டாக்டர், வெனிஸில் செம்பு தட்டுகிற தொழிலாளிகள் செவிடாகிப் போவதை எழுதிவைத்தார்.

காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஒரு எலும்புக் குழல். அதற்குள் பதினைந்தாயிரம் சொச்சம் மயிரணுக்கள். பெருஞ்சத்தத்தில் முதலில் சாவது கீச்சுக் குரல்களைப் பிடிக்கிற அணுக்கள். செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது. 85 டெசிபலுக்கு மேலே தினம் எட்டு மணி நேரம் என்றாலே ஆபத்து, தறி ஓடுகிற கூடம் நூறைத் தொடும். நம்ம சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சத்தத்தால் காது போவதும் இருக்கிறது. அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் ஒருத்தர்கூட அதை வியாதி என்று நினைத்ததில்லை. "மில்லுக்குப் போனா காது மந்தமாகத்தான செய்யும்" என்பார்கள், வெயிலில் போனால் கறுக்கத்தானே செய்யும் என்கிற மாதிரி.

வீட்டில் கண்டுபிடித்தது அம்மா. ஆண்கள் பேசினால் பதில் வருகிறது, பேத்தி கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஃபேன் ஓடினால் பேச்சு புரிவதில்லை. டிவி சத்தம் தெருமுனை வரை. கேட்டால், "எனக்கு நல்லாக் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீக" என்பார். அவர் சொன்னது பொய் இல்லை. இந்த வகையில் சத்தம் கேட்கும், வார்த்தைதான் புரியாது. உயிரெழுத்து கேட்கும், ச-வும் த-வும் ப-வும் கலங்கிப்போகும். அதனால்தான் கத்திப் பேசிப் பிரயோஜனம் இல்லை. முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். நாங்கள் கத்தினோம், அவர் "என்னலே வையுற" என்று கோபித்துக்கொண்டார். ஆறு மாதம் இப்படிப் போனது.

கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போய் ஆடியோகிராம் எடுத்தோம். சத்தத்தில் கெட்ட காதுக்கே உரிய பள்ளம், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணறு வெட்டின மாதிரி இருந்தது. மெஷின் வைத்தால் கேட்கும் என்றார். அப்பா முடியாது என்றார். "செவிட்டு மெஷினை மாட்டிக்கிட்டு நான் எப்படி டீக்கடைக்குப் போவேன்?" கண்ணாடி மாட்டும்போது வராத வெட்கம் காதுக்கு மட்டும் ஏன் வருகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கண் தெரியாதவருக்கு ரோட்டைக் கடக்கக் கை கொடுப்போம், காது கேளாதவரைப் பார்த்துச் சிரிப்போம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழியும் வைத்திருக்கிறோம்.

ஒருவழியாக வாங்கினோம். முதல் வாரம் கழற்றி எறிந்துவிட்டார். தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி இருக்கிறதாம். இது எல்லோருக்கும் நடப்பது. வருசக்கணக்கில் கேட்காத சத்தங்களை மூளை மறுபடி பழக வேண்டும், தினம் கொஞ்ச நேரம் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். மெஷினையும் இரண்டு மூன்று தடவை ட்யூன் பண்ண வேண்டும். இதை விற்கிற கடைக்காரர் சொல்லவே இல்லை. நிறைய வீடுகளில் பீரோவுக்குள் மெஷின் தூங்குவதற்கு இதுதான் காரணம்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் இன்னும் அவசரம். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் "ஊ ஆ" என்று சத்தம் கொடுக்கும், அதில்தான் எல்லோரும் ஏமாறுவது. பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது இன்றைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. தூங்குகிற குழந்தைக்கே செய்யலாம், வலி கிடையாது. எங்கள் பக்கம் அக்கா மகள், மாமன் மகள் கல்யாணம் இன்னும் இருக்கிறது. அந்த வீடுகளில் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆறு வயசுக்குள் என்றால் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே உண்டு. அதன்பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்கு அலைய வேண்டும், அதற்கும் மனசைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டும். "அவுக மாமனுக்கும் அஞ்சு வயசுலதான் பேச்சு வந்துச்சு" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆறு வயசைத் தாண்டவிட்ட வீடு எங்க தெருவிலேயே ஒன்று உண்டு. அந்தப் பையனுக்கு இப்போது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் படிப்பு, சைகையில் வெளுத்துக் கட்டுகிறான். லீவுக்கு வந்தால் எங்கப்பாதான் அவனுக்குக் கூட்டாளி. மில் சைகையும் பள்ளிக்கூடச் சைகையும் ஒன்றுக்கொன்று ஒட்டாது, இருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்குத்தான் தெரிவதில்லை.

பதிவு நீண்டுவிட்டது. இதே வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக்கொடுத்தது சின்ன மருது. பின்னாடி அந்த மருதுவையே எதிர்த்து நின்று சண்டை போட்டார். அந்தக் கதையை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.